கெஸ்ட்டுக்கு வீட்டில் படம் கிடையாது

6 ஜூலை 2009, திங்கள்

லைப்ரரி சுற்றறிக்கை வந்தது. பல்கலைக்கழகம் சந்தா கட்டி வாங்கிய படங்களை இனி வீட்டிலிருந்தே இண்டர்நெட்டில் பார்க்கலாமாம். நிரந்தர ஆசிரியர்களுக்கு உண்டு. மாணவர்களுக்கு உண்டு. என்னைப் போன்ற கெஸ்ட் லெக்சரர்கள் மட்டும் லைப்ரரிக்குள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

சினிமா பேப்பருக்கு சிலபஸ் எழுதியவள் நான். இந்தப் படங்களை வாங்கச் சொன்னவளும் நான். ஆறு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், இன்னும் கெஸ்ட். எந்த வீட்டில் விருந்தாளியிடம் இப்படி வேலை வாங்குவார்கள்?

8 ஜூலை

லைப்ரரியில் படப் பிரிவைப் பார்க்கும் அம்மிணியிடம் போய்க் கேட்டேன். மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "டீச்சரே, ஞான் என்ன செய்ய? லைசன்ஸ்ல அங்ஙனெத்தான் எழுதியிருக்கு. ஸ்டூடன்ட்னா கொடுக்கலாம். சனிக்கிழமை சர்டிபிகேட் கோர்ஸ் பிள்ளைகளுக்குக் கூட உண்டு. கெஸ்ட்டுக்குக் கொடுக்கப் பற்றாது."

"பாடம் எடுக்க மட்டும் பற்றுமோ?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். ஆனால் வேறு யாரிடம் போய்க் கத்துவது?

13 ஜூலை

எனக்கு வகுப்பு முடிய நாலு மணி. படம் பார்க்கும் அறையை ஐந்துக்குப் பூட்டுகிறார்கள். இன்றும் பாதிப் படம்.

16 ஜூலை

அவமானம். வேறு வார்த்தை இல்லை.

பிரஜின் வகுப்பில் எழுந்து, "டீச்சர், கடைசியில அவ கதவைத் திறக்காம போறாளே, அது எதுக்கு?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மொத்த வகுப்பும் ஹாஸ்டலில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நான் அந்தக் கதவு வரைக்கும் போகவே இல்லை. "அடுத்த வகுப்புல பேசலாம்" என்று மழுப்பினேன்.

17 ஜூலை

ராமசுப்ரமணியன் சார் நிரந்தரம். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில்தான் அவர் வீடும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன் இப்படி டென்ஷன் ஆறேள்? என் பாஸ்வேர்டை எடுத்துக்கோங்கோ. நான் எங்கே படம் பாக்கறேன்?"

வேண்டாம் என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் என் பாடத்துக்கு நான் ஏன் திருட்டுத்தனமாக, இன்னொருத்தர் பெயரில் நுழைய வேண்டும்? மாட்டவே மாட்டேன்.

21 ஜூலை, செவ்வாய்

துறைத்தலைவர் கூப்பிட்டார். பேப்பரை ராமசுப்ரமணியன் சாருக்கு மாற்றிவிடலாம் என்று யோசனையாம். "அவருக்கு ஆக்சஸ் இருக்கே. உங்களுக்கும் சிரமம் குறையும்."

சிரமம் குறையுமாம்! படமே பார்க்காதவருக்கு சினிமா பேப்பர். படத்துக்காக அலைகிறவளுக்கு ஓய்வு. என் பேப்பரைப் பிடுங்குவதற்கு அக்கறை என்று ஒரு பெயர். மாத முடிவுக்குள் எனக்கு ஆக்சஸ் கிடைத்தால் பேப்பர் என்னிடமே இருக்கட்டும் என்று பெரிய மனது பண்ணினார். எங்கிருந்து கிடைக்கும்? வானத்திலிருந்தா?

ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. "விட்டுத் தள்ளேன், சீதா" என்றார் இவர். விடுவதற்கு அது என்ன பழைய செருப்பா?

22 ஜூலை

அம்மிணி சொன்னது காலையில் பல் தேய்க்கும்போது சட்டென்று உறைத்தது. ஸ்டூடன்ட்னா கொடுக்கலாம்.

24 ஜூலை, வெள்ளி

சர்டிபிகேட் கோர்ஸ் விண்ணப்பத்தை மேஜையில் வைத்தேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோர்ஸை எடுக்கறதே நீங்கதானே?"

"ஆமா சார். நல்ல டீச்சர்னு கேள்விப்பட்டேன்."

சிரிக்கவில்லை. ரூல் புத்தகத்தைப் புரட்டினார். தடுக்க ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. நாற்பது வயதில் என் வகுப்பிலேயே நான் சேர வேண்டியிருக்கிறதே!

30 ஜூலை

லாகின் வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து முழுப் படம் பார்த்தேன். பேப்பர் என்னிடமே இருக்கிறது. இருந்தும் கோபம் அடங்கவில்லை. ஏன் அடங்க வேண்டும்?

1 ஆகஸ்ட், சனி

முதல் சர்டிபிகேட் வகுப்பு. அட்டென்டன்ஸ் எடுத்தேன். கடைசியாகச் சேர்ந்ததால் என் பெயர் கடைசியில்.

"சீதாலக்ஷ்மி" என்று வாசித்தேன். வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. யாருடைய பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். முன் வரிசையில் ஷிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

"பிரசென்ட், டீச்சர்" என்றேன், சத்தமாக.