சரிபார்க்க வைத்த ரத்தம்

என்னங்க, சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று உப்புப் பெறாத விஷயத்துக்கு உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். காரணம் நீங்கள் இல்லை. ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தை முளையிலேயே கண்டுபிடிக்கும் கருவி எங்கள் லேபுக்குப் புதிதாக வந்திருக்கிறது. சரிபார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமே. வழக்கம்போல் என் ரத்தத்தையே வைத்தேன். அடையாளம் இருப்பதாகக் காட்டியது. மெக்கானிக்கை வரவழைத்து, "என்ன மிஷின் கொடுத்தீங்க?" என்று வறுத்தெடுத்தேன். பிரித்துப் பார்த்தவர், "மிஷின் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். யாருடைய ரத்தம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஸ்கேன் எடுக்கப் போகிறேன். மகளிடம் இப்போதைக்கு மூச்சு விடாதீர்கள்.

பி.கு.: கோபம் ஆறியிருந்தால் ஸ்கேன் சென்டருக்கு வாருங்கள். ஆறாவிட்டாலும் வாருங்கள்.