கை தூக்காத தபால்காரன்

மாசி, செவ்வாய்க்கிழமை.

அசதி, ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இனி முடியாது என்ற கட்டம்வரை ஒருவன் ஓடினால், அவன் உடம்பு எவ்வளவு பிராணவாயுவை எடுக்கிறது என்று அளக்க ஒரு வெள்ளைக்கார டாக்டர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். தினமும் அப்புத்தளைக்குத் தபாலோடு ஓடிப்போய் வரும் மாரிமுத்துவை இதற்கு நிறுத்தினோம். வாயில் ரப்பர் குழாய், விடுகிற மூச்சைப் பிடிக்க முதுகில் பெரிய பை. பேச முடியாது. "முடியலன்னா கையத் தூக்கு" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரனான நான்தான் சொல்லி வைத்தேன்.

ஆஸ்பத்திரி மேட்டில் ஏழு தடவை ஏறி இறங்கினான். கை எழும்பவில்லை. எட்டாவது ஏற்றத்தில் சுருண்டு விழுந்தான். கடைசி மூச்சுகள் பைக்குள் நிறைந்துவிட்டதில் டாக்டருக்குச் சந்தோஷம்.

தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். "ஏன்டா கையத் தூக்கல?"

"எப்படிங்க தூக்குறது? போன மாசம் நெஞ்சு வலிக்குது, முடியலன்னு உங்ககிட்ட வந்தேன். நடிப்புன்னு எழுதுனீங்க. அன்னைக்கு என் பேர வெட்டி, சம்பளம் இல்லன்னுட்டாங்க ஐயா."

எனக்கு ஞாபகமே இல்லை. சற்றுமுன் நோயாளிப் புத்தகத்தைப் புரட்டினேன். இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

நாளைக்கும் அவன்தான் வேண்டுமாம் டாக்டருக்கு. சரிங்க துரை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.