வீடு என்ற பொத்தான்

சிட்டுக்கண்ணுக்கு அம்மா எழுதுவது.

இந்த அகால வேளையில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, இப்போதுதான் வீடு அடங்கியது. நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் அதை இன்னொரு நாள் சொல், இன்று என்னால் தாங்க முடியாது. போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டாலே அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், ஆபீஸிலிருந்து பேசினால் நாலு பேர் காதில் விழும்.

விஷயம் நம் கார் வண்டியைப் பற்றியதுதான். அதோடு கூடவே வந்த வழிகாட்டித் திரை இருக்கிறதே, அதில் பேசுகிறவளை நான் சக்களத்தி என்று கேலி செய்வேனே, அவளுடைய மேப் வண்டி வாங்கிய காலத்தோடு நின்றுவிட்டது. புது புறவழிச்சாலையில் ஏறினால் நம் அம்புக்குறி வெறும் பச்சைக்கு நடுவில் மிதக்கிறது, அவள் பாட்டுக்கு இல்லாத தெருவில் திரும்பச் சொல்கிறாள். கொஞ்ச காலமாகவே அப்பா ஜன்னல் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போகிற இடங்களுக்கெல்லாம் தாமதம். "அக்கா, கண்ணாடிக்காரர் இன்னும் வரலையே, ஜன்னல்ல அட்டைய ஒட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கோம்" என்று எனக்கு போன் வரும். கேட்டால், "மேப் பழசும்மா, நான் என்ன பண்ணட்டும்" என்பார். நானும் நம்பினேன். செல்போனில் பார்த்துப் போங்கள் என்று ஒரு தாங்கி வாங்கி மாட்டினேன், மனிதர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், அது உள்ளிருந்தே வழி சொல்லிக்கொண்டு போகிறது.

சரி, நாமே புதுப்பித்துவிடலாம் என்று நீ லேப்டாப்பில் திறந்து வைத்திருந்த கணக்கிலிருந்து புது மேப்பைப் பென் டிரைவில் இறக்கி வண்டியில் செருகினேன். முடிகிறவரை எஞ்சின் ஓட வேண்டுமாம். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டுகிற கோடு நகர்ந்தால்தானே. அப்பா வாசலில் நின்று, "நின்ன எடத்துலயே பெட்ரோல் குடிக்குது, நீயெல்லாம் காலேஜ் படிச்சவ" என்கிறார், பக்கத்து வீட்டம்மா புகை என்று ஜன்னலை அடித்துச் சாத்துகிறாள். பாதிக்கு மேல் ஏறிவிட்டது, வாஷிங் மெஷின் மாதிரி விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று நினைத்து அணைத்துவிட்டேன். அவ்வளவுதான், திரை செத்துவிட்டது. வண்டி எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "முதல்லேர்ந்து ஏத்தணும்மா, ஏத்திட்டா பழையபடி பேசும்" என்றார். ஏற்றலாம் என்று போனால் கணக்கு மூடிக்கொண்டு உன் பாஸ்வேர்டைக் கேட்கிறது.

மறுநாள் அப்பா வழக்கம்போல உன் தங்கச்சி வாண்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனார். எவ்வளவு தூரம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இரண்டு திருப்பம். வரவே இல்லை சிட்டு. போன் பண்ணினால் படுக்கையறையில் மணியடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் எப்போதோ கிளம்பிவிட்டார்கள் என்கிறார்கள். தெருவிளக்கு எரிந்த பிறகு வந்து நின்றது வண்டி. "டிராஃபிக்" என்று ஒரு வார்த்தை, உள்ளே போய்விட்டார். நான் வாண்டின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், அவள் சொல்கிறாள், "அம்மா, நானும் அப்பாவும் ஒரு வெளயாட்டு வெளயாடினோம். நம்ம வீடு எதுன்னு நான் கண்டுபிடிக்கணும். மொதல்ல வேற வீட்டக் காட்டிட்டேன், அப்பா எறங்கி கேட்டத் தொறக்கப் போயிட்டாரு. அப்புறம் நான்தான் ஜெயிச்சேன்."

அவள் முன்னால் அழக்கூடாது என்று ஷூ முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போய் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன், செத்த திரையில் வீடு என்ற பொத்தான் இருந்த மூலை மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்துக் கிடக்கிறது. மேப் பழசானதால் வழி தவறுகிறார் என்று நினைத்தேனே, அந்தப் பழைய மேப்தான் இத்தனை நாளும் அவரை வீடு சேர்த்திருக்கிறது. சக்களத்தி என்று நான் கேலி செய்தவள் தினமும் அவரைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

நரம்பு டாக்டரிடம் போகலாம் என்றால், "மேப் பழசானதுக்கு எனக்கு ஊசியா" என்று சிரிக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியும்டி, சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை. ஐம்பது முடிந்த மனிதர், இது என்ன வயசு? வண்டிச் சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டைத் தலைகீழாக்கித் தேடுகிறார், நானும் கூடவே கட்டிலுக்கடியில் குனிந்து தேடுகிறேன். எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?

"சிட்டுகிட்ட பாஸ்வேர்டு கேட்டியா" என்று இன்றைக்கும் கேட்டார். இனி உன்னிடமே கேட்பார், கெஞ்சினாலும் கெஞ்சுவார். கொடுக்காதே கண்ணு. அவள் மறுபடி பேச ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருக்கும், நானே நம்பிவிடுவேன், வாண்டைப் பின் சீட்டில் ஏற்றியும் அனுப்புவேன். நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் கேட்பார். டாக்டரிடம் போனால்தான் பாஸ்வேர்டு என்று சொல். முடிந்தால் ஒரு நடை வந்து நீயே கூட்டிக்கொண்டு போ, லீவு கேட்டுப் பார்.

இதையே நினைத்து வேலையில் கோட்டை விடாதே. இருட்டின பிறகு தனியாகச் சுற்றாதே. நீ எங்கிருந்தாலும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசும் சேர்த்து உனக்கு. பதிலை அப்பா கண்ணில் படாமல் என் ஆபீஸ் முகவரிக்குப் போடு.

சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா