அப்பா ஏன் போனை எடுப்பதில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகமாக என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மூத்தவள் நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை, வெள்ளை உடுப்போடு வாசலில் வந்து நின்றபோது என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. அவள் தம்பி, அந்த வாலுப் பயல், வீட்டில் ஒரு கடிகாரத்தை விட்டுவைக்காமல் பிரித்துப் போட்டானே, அவன் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் ஆகிவிட்டான், பத்து மாடி உயரத்தில் தொங்குகிறானாம், கேட்கும்போதெல்லாம் சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துவைக்கிறேன், ஆனாலும் பெருமைதான். நீ சொன்னபடி உன் பெரியவன் கணக்கில் பள்ளிக்கே முதல், சின்னவள் நீச்சலில் கப் வாங்கியிருக்கிறாள். அஞ்சாவதோடு நின்றுபோன எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். இந்தப் பெருமையை எல்லாம் அப்பா முன்பின் தெரியாத ஒருத்தனிடம் வரிசையாகச் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அப்பா கம்ப்யூட்டரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, ஆம்புலன்ஸ் மாதிரி அலறல், வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதே, உடனே இந்த நம்பரைக் கூப்பிடு என்று கொட்டை எழுத்து. கிடங்கு வேலையில் இருந்த காலத்தில் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விடாத மனுஷன், அந்த நம்பருக்குத் தானே கூப்பிட்டார். எடுத்தவன் பெரிய கம்பெனிக்காரன் போலப் பேசி, பயப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்ல என்றானாம். அவன் சொன்ன எதையோ அப்பா கம்ப்யூட்டரில் ஏற்ற, திரையில் அம்புக்குறி தானாக ஓட ஆரம்பித்தது. ரிப்பேர் ஆகுற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம் என்று பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறான். உன் வேலை, உன் ஊர், பேரன் பேத்திகள், ஒன்று விடாமல் அப்பா சொன்னார். கொடுத்து வச்சவங்கப்பா நீங்க என்றானாம். சமையல்கட்டிலிருந்து நான், யாருங்க அது என்றேன். மாப்பிள்ளைதான் பேசுகிறார் என்று கையை ஆட்டிவிட்டார். அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க என்று அவன் முன்னாடியே சொல்லிவைத்திருந்தான். அப்புறம், திருடன் பாங்க்ல நுழைஞ்சிருக்கானான்னு பாத்துடலாம், உங்க கணக்கைத் திறங்க என்றான், போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டான், திரை கறுத்துப்போனது. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் முழுக்கப் போய்விட்டது. மாப்பிள்ளை பாங்குக்கும் போலீசுக்கும் கூட்டிப்போனார். பாக்கலாம் பெரியவரே என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ரிப்பேர் கடைக்காரர் கம்ப்யூட்டரை அடியோடு துடைத்துக் கொடுத்தார், அதிலிருந்த உங்கள் போட்டோக்களும் அதோடு சரி. எந்தக் கம்பெனியும் திரையில் நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாதாம், தானாகவும் கூப்பிடாதாம், அலறினா அலறட்டும்மா, ஒயரைப் பிடுங்கிடுங்க என்றார். உனக்கு இதெல்லாம் தெரியும் என்பாய். அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். சில நாள் கழித்து ஒரு போன், ஒரு குரல் அழுதது. அப்பா, நான்தாம்பா, சளி பிடிச்சுத் தொண்டை கட்டியிருக்கு, ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டேன், உடனே பணம் அனுப்புங்க என்றது. உன் ஊரைச் சொன்னது, பெரியவன் கணக்கு, சின்னவள் நீச்சல் வரைக்கும் சொன்னது. அப்பா அடகு வைக்க விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிவிட்டார். நான் போனைப் பிடுங்கி, சின்ன வயசுல முன்பல்லை எதுல உடைச்ச, சொல்லு என்றேன். சட்டென்று வைத்துவிட்டான். மறுநாள் இன்னொருத்தன், போன பணத்தை மீட்டுத் தர்றோம், கம்ப்யூட்டர்ல இன்னும் வைரஸ் இருக்கு என்றான். எனக்கு சுகர் இருக்கு, அவருக்கு பிரஷர் இருக்கு, அதுக்கும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும், வைடா போனை என்றேன். அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நீயேதான், தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. அப்பா, நான்தாம்பா என்றாய். அவனும் அப்படித்தான் ஆரம்பித்தான். அப்பா அப்படியே வைத்துவிட்டார், போனை அணைத்து அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், தூங்கும்போதும் அந்தச் சட்டைதான். கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டு டெய்லரம்மா போனிலிருந்து நான் பேசலாம், ஆனால் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா. நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, நம்ம பையன் குரல் எப்படி இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டார். நான் குழம்பு எடுத்துவருவது போல எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் குறையில்லாமல் வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே. நாளைக்கு என் பேரைச் சொல்லியும் எவளாவது உன்னிடம் அழுவாள், பதறி எதையும் அனுப்பிவிடாதே, அம்மாவுக்கு எந்தக் காது கேட்காது என்று முதலில் கேள். அப்புறம், நாலு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்து, காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு. பின்பக்கம் உன் கையாலேயே அந்த முன்பல் எதில் உடைந்தது என்று எழுது. அதை நான் இந்தக் கடிதத்தில்கூட எழுதமாட்டேன். உன் கோணல் எழுத்தைப் பார்த்தால் அப்பா சாவியைத் தருவார் என்று நினைக்கிறேன். தராவிட்டாலும் உன் முகமாவது அவர் கையில் இருக்கட்டும். சீக்கிரம் அனுப்பு, அவருக்குக் கண் தெரிகிறபோதே.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா