பாதி வெட்டிய தலை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அரை வயிற்றுச் சாப்பாடு. இன்னும் பசிக்கிறது என்றால் மனைவி தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைக்கிறாள். உடனே அதில் சாப்பாடு இருக்கிறது. என்ன வித்தை இது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னைச் சின்னப் பிள்ளையாக்கி விளையாடுகிறாள்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் மூளையைப் பிரித்துக் காட்டினார். எனக்கு ரத்தக்குழாய் அடைப்பு வந்தது வலது பாதியில், காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக.

"வலது மூளைதான் இடது பக்கத்தைக் கவனிச்சுக்கும். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. கவனம்தான் இடது பக்கம் போகலை. போகலைங்கிறதும் உங்களுக்குத் தெரியாது."

தெரியாதாம். முப்பத்தோரு வருடமாக ஊர்த் தலையையெல்லாம் கையில் வைத்திருந்த முடிதிருத்துபவன் நான். எனக்கே தலையைப் பற்றிப் பாடம்.

நோட்டிலும் வலது பாதியில்தான் எழுதுகிறேன் என்று மனைவி காட்ட வந்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

கடையை மச்சான் பார்க்கிறான் - மனைவியின் தம்பி. போனில், "நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா" என்கிறான். என் கத்திரியைப் பிடித்து ருசி கண்டுவிட்டான் போல.

போன வாரம்வரை எனக்குச் சவரம் செய்துவிட்டதும் அவன்தான். இன்றும் வந்தான். விரட்டிவிட்டேன். எனக்கு நானே செய்துகொள்வேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று கடைக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை.

மச்சான் டீக்குப் போயிருந்தான். தபால்கார அண்ணன் உட்கார்ந்திருந்தார். கடை திறந்த நாளிலிருந்து எனக்கு மட்டுமே தலையைக் கொடுப்பவர். "நீயே வெட்டுப்பா" என்றார். வெட்டினேன். கை நடுங்கவில்லை. கண்ணாடியிலும் பார்த்தேன், கச்சிதம். அவரும் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி எவன் வாயைத் திறப்பான், பார்க்கிறேன்.

மார்ச் 12, புதன்

பாதித் தலையாம், மனைவி சொல்கிறாள். வலது பக்கம் ஒட்ட வெட்டி, இடது பக்கம் கத்திரியே படவில்லையாம். தெருமுனையில் எதிரே வந்த மச்சான்தான் கடைக்குத் திரும்பக் கூட்டிப்போய்ச் சரிசெய்தானாம். அதற்குள் தெருவே சிரித்துவிட்டதாம்.

பொய். அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு என்னை ஒதுக்கப் பார்க்கிறார்கள். போங்கடா, போய் வேற வேலையப் பாருங்கடா என்று கத்தினேன். தட்டை எறிந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 13, வியாழன்

காலையில் சவரம் முடித்தேன். கண்ணாடியில் முகம் மழமழவென்று இருந்தது. மனைவி வந்தாள். என் வலது கையைப் பிடித்து என் இடது கன்னத்தில் வைத்தாள்.

முள். ஒரு வாரத்து முள்.

கையை எடுக்க முடியவில்லை. அப்படியென்றால் தட்டு? இந்த நோட்டு? அந்த மனுஷன் அந்தத் தலையோட தெருவுல - நல்லா இருக்குன்னு ஏன்யா சொன்ன? நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

மார்ச் 14, வெள்ளி

அடைப்பு வருவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மண்டையில்?

ஏப்ரல் 20, ஞாயிறு

கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தபால்கார அண்ணன் முடி வளர்ந்து வந்து நின்றார். நேராக என்னிடம், "வெட்டுறியாப்பா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பட்டது போதாதாண்ணே உங்களுக்கு?"

"நீ சொல்லு. நீ சொல்ற மாதிரி செய்றேன்."

மச்சான் துண்டை உதறுவதை நிறுத்திவிட்டான்.

"எனக்கு இடது பக்கம் தெரியலைண்ணே" என்றேன். வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. கத்திரியை எடுத்து மச்சானிடம் கொடுத்தேன்.

அவன் முடித்ததும் எழுந்து போய் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன், குறை கண்டுபிடித்தே தீருவது என்று. ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகத்தான் வெட்டியிருக்கிறான், பாவி.