அம்பர் வீட்டின் மொட்டை மாடி

என் ஆசை புஷ்பம் அக்கா,

நீ செத்த வீட்டை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அங்கே யாரும் குடியில்லை. உன் கபீல், உன்னை வேலைக்கு எடுத்த அந்த அரபி முதலாளி, வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். பழைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் அம்பர் மியூசியமாக மாற்றி, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார். டிக்கெட் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும்.

நான் குவைத்துக்கு வந்ததே உனக்குத் தெரியாது. உன் சவப்பெட்டி ஊருக்கு வந்த மறுவருஷம், ஃபர்வானியாவில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை கிடைத்தது. உன்னைத் தின்ற நாட்டுக்கே ஏன் வந்தேன் என்று கேட்பாய். வேறு எங்கே போவது? நம் தேயிலைத் தோட்டத்தில் உன்னைப் பற்றிப் பேசியவர்களின் முகத்தில் தினமும் விழிக்க என்னால் முடியவில்லை.

அவர்கள் பேசியதை மறைக்காமல் சொல்கிறேன். துணி காயப்போடும்போது மாடியிலிருந்து விழுந்தாய் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் அதை நம்பவில்லை. அரபிக்காரன் வயிற்றில் கொடுத்துவிட்டான், மானம் போனதும் குதித்துவிட்டாள் என்றார்கள். அம்மாவும் அதை நம்பினாள், அக்கா. உன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. தானாகச் செத்தவளுக்கு என்ன கருமாதி என்று கேட்டாள். உன்னைப் பெற்றவளே அப்படிக் கேட்டாள்.

நீ குதித்தாயா, விழுந்தாயா? எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான்.

எங்கள் அச்சகத்துக் கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர், மனைவியோடும் சின்ன மகளோடும் மியூசியம் பார்க்கக் கிளம்பினார். பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அது யாருடைய வீடு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே நல்ல குளிர். மஞ்சள், தேன் நிறம், கறுப்புச் சிவப்பு என்று கண்ணாடிப் பெட்டிகள் நிறைய அம்பர். சுற்றிக்காட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். மற்ற நாட்களில் அந்த வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுபவர், வெள்ளிக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. பல கோடி வருஷத்துக்கு முந்திய மரங்களின் பிசின் கல்லாகிப்போனதுதான் அம்பர் என்றார். வடக்கே குளிர் கடல்கள் கரையில் ஒதுக்கியதை வியாபாரிகள் பாலைவனம் தாண்டிக் கொண்டுவந்ததையும், ராஜாக்கள் அதற்காக அடித்துக்கொண்டதையும் சொன்னார். ஒரு ஜெபமாலை மணியைப் பிள்ளையின் காலுறையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளின் மேல் பிடித்தார். துண்டுகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. பிள்ளை கைகொட்டியது. அம்பருக்குள் செத்துக் கிடந்த ஒரு கொசுவுக்குத் தனி விளக்கு, தனிப் பூதக்கண்ணாடி. அதன் கால் மயிர்கூடக் கெடவில்லை. நாங்கள் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி அறையில் பாதி கருகிய ஒரு கட்டி இருந்தது. அதன் முன்னால் அவர் கொஞ்சம் நிறுத்திக் கனைத்துக்கொண்டார். பல தடவை சொல்லிப் பழகிய கதை. எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“இது இந்த வீட்டுலயே நடந்ததுங்க. பெரிய விருந்து. இவங்க சாம்பிராணி இருக்குல்ல, பகூருன்னு சொல்றது, அதப் போடச் சொல்லி வேலைக்காரப் புள்ளைக்கு உத்தரவு. மேசையில இந்தக் கட்டி இருந்திருக்கு, அன்னைக்குத்தான் கப்பல்ல வந்தது. புள்ள குங்கிலியம்னு நெனச்சுத் தூக்கிக் கங்குல வச்சிருச்சு. வந்தவங்கெல்லாம் மோந்து பாத்துட்டு, என்னா வாசம், எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேக்குறாங்க.”

கணக்காளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார். சிலோன், தேயிலைத் தோட்டம் என்று பதில் வந்தது.

“தோட்டக்காட்டுப் பெட்டைக்கு அம்பரும் குங்கிலியமும் ஒண்டுதானே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “குறை நினையாதை, உன்னைச் சொல்லேல்லை” என்றார்.

ஊருக்கு நீ அனுப்பிய கேசட்டில், “இந்த வீட்ல தெனமும் வெள்ளிக்கிழமதான், எப்பப் பாத்தாலும் சாம்பிராணிப் பொக” என்று சொல்லிச் சிரித்திருந்தாய். அதே மஞ்சள், அதே பிசின். நானாக இருந்தாலும் கங்கில்தான் வைத்திருப்பேன். கல்லுக்கும் பிசினுக்கும் வித்தியாசம் தெரியாதது தப்பு என்றால், அதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லாமல் அவர்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டதா?

கணக்காளரின் மனைவிதான் கேட்டார். “பிறகு அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?”

சுற்றிக்காட்டியவருக்குக் கதையை அதற்கு மேல் சொல்லிப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“விருந்தாளுங்க முன்னால முதலாளி சிரிச்சாரும்மா. அவங்க போனதும் புள்ளய மொட்ட மாடிக்கு அனுப்பிக் கதவப் பூட்டிட்டாங்க. புத்தி வரட்டும்னு. ஆகஸ்ட் மாசம். டேங்கு தண்ணி கொதிக்கும், வாயில வைக்க முடியாது. மறுநா மத்தியானம் பைப்பப் புடிச்சு எறங்குச்சு. நான் கீழதான் நின்னேன். ‘அண்ணே, ஒரு செம்பு தண்ணி எடுத்து வைங்க, வந்துர்றேன்’னுச்சு. பாதி தூரம் நல்லாத்தான் எறங்குச்சு. வெயிலுல பைப்பு பழுக்கக் காஞ்சு கெடந்துச்சும்மா. கைய விட்ருச்சு.”

அக்கா, நீ குதிக்கவில்லை. இறங்கினாய். சாகப் போகிறவள் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்வாளா?

போலீசில் என்ன சொன்னீர்கள் என்று அவரைக் கேட்டேன். துணி காயப்போடும்போது விழுந்ததாகச் சொன்னாராம். தன் பாஸ்போர்ட்டும் அதே முதலாளியிடம்தான் இருக்கிறது, வேறு எதைச் சொல்வது என்றார். அவள் என் அக்கா என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னைய மாட்டி விட்றாதீங்க தம்பி. புள்ளகுட்டிக்காரன்” என்றார். நீ கேட்ட தண்ணீரை எடுத்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அது மன்னிப்பு இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் கதையின் சிரிப்பான பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கும் ஒருவரை எப்படி மன்னிப்பது? கையை உதறிவிட்டு வந்தேன்.

காரில் ஏறினோம். “நீ முன்னமே சொல்லியிருக்கலாம்தானே” என்றார் கணக்காளர். முன்னமே சொல்லியிருந்தால் சிரித்திருக்கமாட்டார். அவ்வளவுதான். வேறு யாரோ ஒருவரின் அக்காவாக நீ இருந்திருந்தால், வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இறங்கும்போது, இதைப் பெரிசாக்கினால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். அக்கறையாகத்தான் சொன்னார். அவர் மனைவி பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

பெரிசாக்கத்தான் போகிறேன். இந்தக் கடிதத்தை நம்மூர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கபீலுக்குத் தமிழ் தெரியாது. அவருக்காக எழுதவும் இல்லை. அவர் ஒரு தடவை கதவைப் பூட்டினார். தமிழ் தெரிந்தவர்களுக்கு நீ செத்த பிறகும் வாய் ஓயவில்லை.

உனக்கு ஒரு சத்தியம், அக்கா. லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஊருக்கு வருவேன். விடியக்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்கிற நேரம் பார்த்து, நடுவில் நின்று இதைச் சத்தமாக வாசிப்பேன். கங்காணி அதட்டினாலும் நிறுத்தமாட்டேன். அம்மாவை முன்னால் நிறுத்தி வைப்பேன். நீ தண்ணீர் கேட்ட இடம் வரும்போது அவள் காதைப் பொத்துவாள். பொத்திய கையை நானே எடுத்துவிடுவேன். அவள் அழுதால் தேற்றமாட்டேன்.

நீ இடுப்பில் தூக்கி வளர்த்த,
உன் ஒரே தம்பி
லோகு