பூஜ்யம் என்று சொல்லாத பழக்கம்

10.8.2025, ஞாயிறு
பிற்பகல் புழுக்கம், நான்கு மணிக்குத் தூறல். உத்திரமேரூர் நூலகத்தில் நியூட்ரினோ பற்றி உரை. பணி ஓய்வுக்குப் பின் பொதுமக்கள் முன் முதலாவது. ஒலிபெருக்கி சகிக்கவில்லை. சூரியனிலிருந்து வரும் இத்துகள்கள் நொடிதோறும் கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவுகின்றன என்றதும் அவையில் அமைதி. திருப்தி.

நூலகம் பெருக்கும் கன்னியம்மாள் எழுந்தார். "வவுத்துப் புள்ளய ஒண்ணும் பண்ணாதா சார்?"

வினைபுரியும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றேன்.

"கொறச்சல்னா, கீதுன்னுதான?"

சிரிப்பு. அறிவியலில் பூஜ்யம் என்று சொல்லும் வழக்கமில்லை என விளக்கினேன். சரியான விடை. முடிவில் தந்த சுண்டலில் உப்பில்லை.

12.8.2025, செவ்வாய்
கடும் வெயில். மூக்குக்கண்ணாடித் திருகு இன்னும் மாற்றவில்லை. கிராம செவிலியர் வருகை. கன்னியம்மாளின் மருமகள் ரேவதிக்கு எட்டாம் மாதம், இரத்த அழுத்தம் அதிகம். இன்றைய பரிசோதனைக்கு வரவில்லை. கிரகணத்துக்கு அடைத்து வைப்பதுபோல், ஞாயிறு என் உரை கேட்டது முதல் மாமியார் பகலில் வெளியே விடுவதில்லையாம்.

"கால் வீங்கிக்கினு கீது சார். டாக்டர் பாத்தே ஆவணும். நீங்க சொன்னதுக்கு நீங்களே வந்து சொல்லுங்க."

13.8.2025, புதன்
மேகமூட்டம். காலையில் அவர்கள் வீடு. சன்னலில் சாக்குப் படுதா. இருட்டில் பாய்மேல் ரேவதி, தலைவலி என்றாள். சுவர் அத்துகள்களைத் தடுக்காது, இரவிலும் அவை பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகின்றன என எடுத்துரைத்தேன். ரேவதி பாயை விட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

"இன்னா சார், பகலுக்குத்தான் பயந்துக்கினு இருந்தோம். ராவுக்கும் பேஜார் வெச்சிட்டியே" என்றார் கன்னியம்மாள்.

வாசலில் ஆட்டோ. செவிலியர் என்னையே பார்த்தபடி.

"ஒரே வார்த்த சொல்லுங்க சார்" என்றாள் ரேவதி. "எம்புள்ளைக்கு எதுனா ஆவுமா, ஆவாதா?"

"ஆகாது."

"கொஞ்சங்கூட?"

நாற்பதாண்டு ஆய்வில் எந்தக் கட்டுரையிலும் எழுதாதது. "கொஞ்சங்கூட."

செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

14.8.2025, வியாழன்
காலை முதல் மழை. திருகு கிடைத்தது, அளவு பொருந்தவில்லை. ரேவதி மருத்துவமனையில்; அழுத்தம் இறங்குகிறது, குழந்தையின் துடிப்பு சீர். செவிலியர் தொலைபேசித் தகவல்.

மாலை கன்னியம்மாள், நனைந்த குடையுடன். உள்ளே வரவில்லை.

"ஆட்டோல ஏத்தறதுக்குச் சொன்னியா, நெசமாவே சொன்னியா சார்?"

நிஜமாகவே என்றேன். இரண்டாம் முறை எளிதாக இருந்தது.